கறவை நின்ற பசுவுக்கு யார் தீவனம் வைப்பது?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, செங்கல், காரோடு, குளத்தூர், கொல்லயில், குன்னத்துக்கால் என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊராட்சிகளில் தொழுவம் என்பது வீட்டுக்குப் பின்னால் ஓலையோ தகரமோ போட்ட ஒரு சாய்ப்புதான். அதில் ஒரு பசு நிற்கும், கூடிப்போனால் மூன்று. மேய்ச்சல் நிலம் என்று தனியாக எதுவும் கிடையாது. தென்னைக்கு அடியில் முளைக்கும் புல், விளையின் ஓரத்துப் புல், ரப்பர் மரங்களுக்கிடையே வெயில் விழும் இடத்தில் தலைகாட்டும் பச்சை, இவ்வளவுதான். துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி கழிந்ததும் அதுவும் காயத் தொடங்கும். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் மாடு வைக்கோலை நம்பித்தான் நிற்கிறது. அந்த வைக்கோலும் உள்ளூர் ஏலாக்களில் விளைந்தது அல்ல. பெரும்பாலும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் லாரியில் வந்து இறங்குவது. 1974-75-ல் கேரளத்தில் நெல் விளைந்த பரப்பு 8.8 லட்சம் ஹெக்டேர். இன்று அதில் கால்பங்கு தேறினால் அதிகம். நெல் போன வழியே வைக்கோலும் போய்விட்டது.

இந்த வறண்ட மாதங்களில் நிறைசினையாக நிற்கும் பசுவுக்குப் புரதத்தைக் கூட்டிக் கொடுப்பது கால்நடை மருத்துவம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவரும் பழக்கம். வளர்ப்பவர்கள் அதைப் பாதி ஏற்றிருக்கிறார்கள், பாதி ஏற்கவில்லை. ஏற்ற பாதியைப் பிழையான நேரத்தில் செய்கிறார்கள். ஏற்காத பாதிக்கு அவர்களை மட்டும் குறைசொல்ல முடியாதபடி, தீவன மானியமும் பால் சங்கத்துக் கணக்கும் அமைந்திருக்கின்றன. பழக்கம் நல்லது; அது இங்கே நடக்கும் விதமும் அதைத் தாங்கி நிற்கும் ஏற்பாடும் பழுதானவை. அந்தப் பழுது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

முதலில் பழக்கத்தின் பலம். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். மாட்டின் முதல் வயிற்றில் நாரைச் செரிக்க வைப்பவை அங்கே குடியிருக்கும் நுண்ணுயிரிகள். அவை பெருக நைட்ரஜன் வேண்டும். தின்னும் தீவனத்தின் மொத்தப் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவை நலிந்துபோகின்றன. நார் கரையாமல் கிடக்கிறது. வயிறு காலியாகாததால் மாடு தின்பதும் குறைகிறது. முன்னால் வைக்கோல் கிடந்தும் பசு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ‘வைக்கோல் சலிச்சுப் போச்சு’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கொஞ்சம் புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு மூன்று நாளில் அதே வைக்கோலை அதே பசு கூடுதலாகத் தின்னும். புரதம் கூட்டுவதன் முதல் பயன் இதுதான்: புண்ணாக்கு தன் சத்தைத் தருவதோடு வைக்கோலுக்குள் அடைபட்டுக் கிடக்கும் சத்தையும் வெளியே எடுத்துத் தருகிறது.

சினைப்பசுவுக்கு இது இன்னும் அவசரம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். பிறக்கும் கன்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. அதே மூன்று மாதத்தில் வளரும் கன்று வயிற்றை நெருக்குவதால் பசு தின்னக்கூடிய அளவும் சுருங்குகிறது. தேவை ஏறும்போது இடம் குறைகிறது. போதாக்குறைக்கு, அடுத்த ஈத்துக்கு மடி புதுப்பிக்கப்படுவதும் சீம்பால் ஊறுவதும் இதே நாட்களில்தான். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பங்கைப் பெற்றுவிடுகிறது. கன்றுக்கு அந்த வழி கிடையாது. சீம்பால் ஒன்றே அதற்கு வழி. மெலிந்த பசுவின் சீம்பாலை நம்பிப் பிறக்கும் கன்று கழிச்சலிலும் சளியிலும் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு பற்றாக்குறை என்பது தெரியும். 350 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு ஒரு நாளில் ஆறு கிலோ வைக்கோல் தின்றால் அதிலிருந்து கிடைக்கும் மொத்தப் புரதம் 200 கிராம் சொச்சம். நிறைசினையில் அதற்கு வேண்டியது அரைக் கிலோவுக்கும் மேல். ஆக, குறைந்தது 300 கிராம் வெளியிலிருந்து வர வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு கிலோவில் 200 கிராம் புரதம் இருக்கும். கடலைப் புண்ணாக்கில் அதைப்போல இரண்டு மடங்கு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி தயாராகும் கலப்புத் தீவனத்தில் முதல் வகைக்கு 22 சதவீதம், இரண்டாம் வகைக்கு 20 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ கலப்புத் தீவனமோ, முக்கால் கிலோ கடலைப் புண்ணாக்கோ பள்ளத்தை நிரப்பிவிடும். எட்டாத அளவு ஒன்றும் இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு உலகத்தில் மிக வலுவான சான்று கிடைத்திருப்பது பால் மாட்டில் அல்ல, இறைச்சிக்கு வளர்க்கும் மாட்டில். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணற்குன்றுப் பகுதியில் பனிக்காலம் முழுக்க மாடுகள் காய்ந்த புல்லை மேய்ந்து நிற்கும். அந்தப் புல்லிலும் நம் வைக்கோலைப் போலப் புரதம் சொற்பம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் அங்கே சினையின் கடைசி மூன்று மாதம் ஒரு பகுதிப் பசுக்களுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான புரதத் தீவனம் கொடுத்தார்கள். மறு பகுதிக்குக் கொடுக்கவில்லை. 2007-ல் வெளியான முடிவில் வியப்பான செய்தி, தாய்ப்பசுவைப் பற்றியது அல்ல. புரதம் பெற்ற தாய்களின் பெண்கன்றுகள் வளர்ந்து கிடாரியானபோது அவற்றில் 93 சதவீதம் சினை பிடித்தன. பெறாத தாய்களின் கிடாரிகளில் 80 சதவீதம். கருவில் இருந்தபோது தாய் தின்ற தீனி, மகளின் சினைப்பிடிப்பு வரை வந்து நிற்கிறது. கிடாரி பருவத்துக்கு வரவில்லை, ஊசி போட்டும் நிற்கவில்லை என்று கால்நடைத் துணை மையத்துக்கு நடையாய் நடக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

ஆனால் அந்த முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாறசாலையில் இறக்க முடியாது. இரண்டு காரணங்கள் உண்டு.

நெப்ராஸ்கா மாட்டுக்கு முன்னால் காய்ந்த புல் வேண்டிய மட்டும் கிடக்கிறது. புரதம் மட்டும்தான் குறை. இங்கே வைக்கோலே விலைகொடுத்து வாங்குவது. கட்டைப் பிரிக்கும்போது அளந்துதான் பிரிப்பார்கள். மாசி மாதத்தில் மூன்று, நான்கு கிலோ வைக்கோலோடு பொழுதைக் கழிக்கும் பசுக்கள் உண்டு. அப்படிப்பட்ட பசுவுக்குப் புண்ணாக்கு கொடுத்தால் என்ன ஆகும்? செரிக்க வைக்க வேண்டிய வைக்கோல் வயிற்றில் இல்லை. உடல் அந்தப் புரதத்தையே எரித்து உயிர்பிழைக்கும் சக்தியாக்கிக்கொள்ளும். கன்றுக்கும் மடிக்கும் போக வேண்டியது அன்றாடப் பசிக்குப் போய்விடும். விலை கூடிய சத்தைக் கொண்டு விலை குறைந்த பசியை ஆற்றும் நிலை இது. புண்ணாக்கு கொடுத்தும் பலனில்லை என்று சொல்லும் வீடுகளில் தீனித்தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் வைக்கோல் கட்டைப் பார்க்க வேண்டும். வயிறு நிறையப் பருந்தீனி இருந்தால்தான் புரதம் தன் வேலையைச் செய்யும். பரிந்துரைகளில் இந்த நிபந்தனை அநேகமாகச் சொல்லப்படுவதில்லை, சொல்லப்பட்டாலும் அழுத்தம் விழுவதில்லை.

இரண்டாவது காரணம் கன்று யாருக்கு என்பது. நெப்ராஸ்காக்காரருக்குக் கன்றுதான் விளைச்சல். தாய்க்குப் போட்ட புரதம் கன்றின் எடையாகவும் கிடாரியின் சினையாகவும் அவர் கைக்கே திரும்பி வருகிறது. இங்கே விளைச்சல் பால். காளைக்கன்று பிறந்தால் சில வாரங்களில் அல்லது மாதங்களில் கைமாறிவிடும். பெண்கன்றையும் இரண்டரை, மூன்று வருடம் தீனி போட்டு வளர்ப்பதைவிட, தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்து ஈன்ற பசுவாக வாங்கிக்கொள்வதே லாபம் என்று நினைப்பவர்கள் அதிகமாகி வருகிறார்கள். பாறசாலையில் கால்நடைத் துறையின் சோதனைச் சாவடி இருப்பதே மாடுகள் எவ்வளவு இந்த வழியாகக் கேரளத்துக்குள் போகின்றன என்பதற்கு அடையாளம். வாங்கி வந்த பசு வயிற்றில் இருந்தபோது அதன் தாய் என்ன தின்றது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. சினைக்காலப் புரதத்தின் நீண்ட காலப் பலன் கன்றை வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு மட்டுமே கிடைக்கும். கன்றை விற்கிறவருக்குக் கிடைப்பது குறுகிய காலப் பலன்: ஈன்றபின் பால், உடல் தேறுதல், மறுசினை சீக்கிரம் பிடித்தல். அதுவும் சிறிதல்ல. ஈன்று மூன்று மாதத்துக்குள் மறுசினை நிற்காத பசு வருடத்துக்கு ஒரு கன்று என்ற கணக்கைத் தவறவிடுகிறது. வற்றிய பசுவுக்குத் தண்டத்தீனி போடும் மாதங்கள் நீள்கின்றன.

‘கறக்காத மாட்டுக்கு எதுக்கு மக்களே பிண்ணாக்கு?’ எல்லைப் பக்கத்துத் தொழுவங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் திரும்ப முடியாது. அந்தக் கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. லிட்டருக்கு இவ்வளவு தீவனம் என்றுதான் வீட்டுக் கணக்கு ஓடுகிறது. இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ தீவனம் என்று சொல்லிக்கொடுத்ததும் நம் விரிவாக்கப் பணியாளர்கள்தான். அந்தக் கணக்கின்படி பால் சுழியானால் தீவனமும் சுழி. ஏழாம் மாதம் கடந்து கறவை நிறுத்தியதும் சாக்கைக் கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். பசு வைக்கோலும் கஞ்சித்தண்ணியுமாக நிற்கும். கன்று அதிவேகமாக வளரும் அறுபது நாளில் தாய்க்குத் தீவனம் நிற்கிறது.

இதற்கு வீட்டுக்காரரை மட்டும் பொறுப்பாக்குவது சரியல்ல. 1980-ல் பால் கூட்டுறவு இணையமான மில்மா வந்தபின் கேரளத்துப் பால் பொருளாதாரம் முழுக்கச் சங்கத்தில் அளக்கும் லிட்டரைச் சுற்றியே கட்டப்பட்டது. அதனால் விளைந்த நன்மை பெரிது. இடைத்தரகர் போனார், பாலின் கொழுப்புக்கும் திடப்பொருளுக்கும் ஏற்ற விலை வந்தது, பெண்கள் கையில் காசு வந்தது. ஆனால் தீவன மானியமும் ஊக்கத்தொகையும் அதே லிட்டரைப் பிடித்தே போகின்றன. ஊற்றிய பாலுக்கு ஏற்ப உதவி என்றால், பால் ஊற்ற முடியாத இரண்டு மாதத்தில் உதவி தானாக நின்றுவிடுகிறது. பசுவுக்கு அதிகம் தேவைப்படும் மாதமும், வீட்டுக்கு வருமானமே இல்லாத மாதமும், மானியம் கிடைக்காத மாதமும் ஒன்றாக வந்து விழுகின்றன. கையில் காசு இருக்கும்போது உதவி, இல்லாதபோது கைவிரிப்பு என்கிற இந்த அமைப்புதான் எனக்கு மிகப் பெரிய பழுதாகப் படுகிறது.

கால்நடைத் துறையின் கோவர்த்தினி திட்டம் ஒரு நல்ல விதிவிலக்கு. கலப்பினப் பெண்கன்றைச் சின்ன வயதிலேயே பதிவுசெய்து, முதல் கன்று ஈனும் பருவம் வரை பாதி விலையில் தீவனம் தரும் திட்டம் அது. 1970களில் தொடங்கிய சிறப்புக் கால்நடை இனவிருத்தித் திட்டத்தின் வழிவந்தது. கிடாரி சீக்கிரம் பருவத்துக்கு வரவும், முதல் சினையின் போது உடல் தேறி நிற்கவும் அது உதவியிருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் ஈத்தோடு அதன் கை ஓய்ந்துவிடுகிறது. இரண்டாம் ஈத்துக்கும் மூன்றாம் ஈத்துக்கும் நிற்கும் பசு, இன்னும் முழு வளர்ச்சி அடையாமல், பால் கறந்து இளைத்த உடம்போடு சினையைச் சுமக்கிறது. அதற்குத் துணையாக நிற்க அந்தத் திட்டத்தில் ஏற்பாடு இல்லை.

இனி, கொடுக்கிறவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். கன்று ஈனப் பத்து, பதினைந்து நாள் இருக்கும்போது திடீரென்று கவனிப்பு கூடும். முந்தின இரவே ஒரு பிளாஸ்டிக் வாளியில் தேங்காய்ப் புண்ணாக்கை ஊறப்போடுவார்கள். காலையில் அதில் கலப்புத் தீவனக் குச்சிகளையும் ஒரு பிடி தவிட்டையும் கொட்டி, கஞ்சித்தண்ணி விட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கரைப்பார்கள். பசு வாளிக்குள் மூக்குவரை முகத்தை வைத்து, இரண்டு நிமிடத்தில் உறிஞ்சிவிட்டு, அடியில் நிற்கும் மண்டியையும் நக்கி எடுக்கும். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் குச்சித் தீவனத்தைத் தண்ணீரில் கரைத்தால் மாடு மெல்லவே வேண்டியதில்லை. மெல்லாவிட்டால் உமிழ்நீர் ஊறாது. உமிழ்நீர் இல்லாவிட்டால் முதல் வயிற்றில் புளிப்பு ஏறுவதைத் தடுக்க எதுவும் இல்லை. இரண்டு மாதம் வெறும் வைக்கோலில் கிடந்த வயிற்றுக்கு ஒரே நாளில் இரண்டு கிலோ தீவனம் இறங்கும்போது அங்கிருக்கும் நுண்ணுயிரிகள் அதற்குத் தயாராக இருப்பதில்லை. கழிச்சல், மந்தம், ஈன்ற மறுநாள் தீனி எடுக்காமை என்று தொடங்கும் தொல்லைகளில் பலவற்றுக்கு ஈன்ற அன்று நேர்ந்த எதுவும் காரணமல்ல. பத்து நாள் முன்பு வாளியில் நேர்ந்ததே காரணம்.

கோடையில் இரவு ஊறப்போட்ட புண்ணாக்கு விடிவதற்குள் நுரைத்துப் புளித்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊறவைப்பதென்றால் இரண்டு மணி நேரம் போதும்.

கடைசி நாட்களில் தீவனத்தை ஏற்றிக்கொண்டே போவது, ‘ஸ்டீமிங் அப்’ என்ற பெயரில் 1920களில் இங்கிலாந்தில் ராபர்ட் பௌட்ஃப்ளவர் பரப்பிய முறை. நல்ல உலர்புல் தாராளமாகத் தின்று வளர்ந்த, அதிகம் கறக்கும் சீமை மாடுகளை மனத்தில் வைத்துச் சொன்னது. நம் பாடப்புத்தகங்கள் அதை எடுத்துக்கொண்டு, இந்திய அளவுகளுக்குக் குறைத்துப் போட்டன. அதிலிருந்து ‘பிரசவத்துக்கு முன் தீனியை ஏற்று’ என்ற வாசகம் மட்டும் தொழுவம் வரை வந்து சேர்ந்தது. எப்போது தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது வழியில் உதிர்ந்துவிட்டது. கொழுத்த பசுவுக்கு இந்த ஏற்றம் கேடு. ஈன்றபின் தீனி குறைந்து, உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் சேரும். முதல் சினைக் கிடாரி என்றால், இடுப்பெலும்பு இடம் கொடுக்காமல் கன்று சிக்கிக்கொள்ளும் அபாயமும் கூடுகிறது. ஆகவே எல்லாப் பசுவுக்கும் ஒரே அளவு என்பது தவறு. வாலடியின் இருபுறமும் குழி விழுந்து, விலா எலும்புகள் தூரத்திலிருந்தே எண்ணத் தெரிந்தால் அந்தப் பசுவுக்குத் தீவனம் வேண்டும். விலா மூடி, வாலடியில் கொழுப்பு மெத்தென்று கைக்குத் தட்டுப்பட்டால், அதற்கு வைக்கோலும் கொஞ்சம் பச்சையும் தாது உப்பும் போதும். இந்தக் கைச்சோதனைக்குக் காசு செலவில்லை.

சுண்ணாம்புச் சத்து மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. சினையின் கடைசி வாரங்களில் கால்சியம் டானிக்கைப் புட்டிபுட்டியாக ஊற்றுவது இங்கே சாதாரணம். ஈன்றவுடன் பால்காய்ச்சலில் பசு விழுந்துவிடுமோ என்ற பயம். ஆனால் வெளியிலிருந்து கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துப் பயன்படுத்தும் உடலின் ஏற்பாடு தூங்கிப்போகிறது. ஈன்ற நாளில் மடி திடீரென்று கேட்கும்போது அது விழிக்கத் தாமதமாகி, எந்த நோய்க்குப் பயந்தோமோ அதுவே வருகிறது. கால்சியம் கொடுக்க வேண்டிய நேரம் ஈனும் சமயத்திலும் ஈன்றபின்னும்தான்.

புண்ணாக்கின் தரம் தனிக் கவலை. கடலைப் புண்ணாக்கு பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்ளடாக்சின் சேரும். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு, பாலிலும் கசியும். கடலோரத்து ஈரக்காற்றில், தரையோடு சாய்த்து வைத்த சாக்கு ஒரு மாதத்தில் கட்டிதட்டிப் பச்சைப்புள்ளி காட்டத் தொடங்கும். அந்தக் கட்டியை உடைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதைவிடக் குப்பைக்குழியில் போடுவது லாபம். கறக்காத மாடுதானே என்று பழைய சாக்கின் அடித்தூளைச் சினைப்பசுவுக்குத் தள்ளும் வழக்கமும் இருக்கிறது. அதை உடனே நிறுத்த வேண்டும்.

புண்ணாக்குக்கு மாற்றாக அரசு நிறுவனங்கள் சொல்லிவந்தவை பல. யூரியா கலந்து மூட்டம் போட்ட வைக்கோல்: நூறு கிலோவுக்கு நான்கு கிலோ யூரியா, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் புரதம் இரண்டு மடங்காகும். அறிவியல் குற்றமற்றது, ஆனால் நூறு கிலோ வைக்கோலை ஒன்றாகச் சேர்த்து வைக்க இடமும் ஆளும் உள்ள வீடு எல்லையில் எத்தனை? கண்ணை எரிக்கும் நெடியையும், அளவு தவறினால் நஞ்சாகும் என்ற பயத்தையும் தாண்டி அது இங்கே வேர்விடவில்லை. யூரியா, சர்க்கரைப்பாகு, தாது உப்பு சேர்த்த நக்குக்கட்டி 1980களில் ஆனந்தில் தேசியப் பால்வள வாரியத்தில் ஜார்ஜ் குஞ்ஞு முதலியோர் உழைப்பில் உருவானது. வைக்கோலை நம்பி நிற்கும் மாட்டுக்கு மிகப் பொருத்தமான பொருள். சங்கங்களில் தொடர்ந்து கிடைத்தால் வாங்குவார்கள். ஒரு முறை கிடைத்து ஆறு மாதம் கிடைக்காமல் போகும் பொருளை யாரும் பழக்கமாக்கிக்கொள்ள மாட்டார்கள். அசோலாவைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு பசுவுக்கு வேண்டிய புரதத்தை ஈடுகட்ட எவ்வளவு தொட்டி வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஆர்வம் அடங்கிவிடும்.

எனக்கு நம்பிக்கை தருவது வேலியில் நிற்கும் சீமைக்கொன்னை. தழையுரத்துக்காகக் கேரளம் முழுக்க ஊன்றப்பட்ட மரம். பாறசாலைப் பக்கத்தில் வேலிக்கம்பாக அது இல்லாத விளை குறைவு. உலர்ந்த கணக்கில் அதன் இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். ஐந்து கிலோ பச்சைத்தழையில் கால் கிலோ புரதம் கிடைக்கும். மேலே போட்ட கணக்கில் பள்ளத்தை ஏறக்குறைய நிரப்பும் அளவு, காசில்லாமல், வீட்டு வேலியில். ஏன் பயன்படவில்லை? முதலில் நெடி. பழகாத மாடு முகத்தைத் திருப்பும். காலையில் வெட்டி அரைநாள் நிழலில் வாட்டி, வைக்கோலோடு கலந்து, கொஞ்சம் உப்புத்தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். வாட்டுவது வேறு, குவித்துப்போட்டுப் பூஞ்சை பிடிக்க விடுவது வேறு. பூஞ்சை பிடித்த தழை இரத்தம் உறையாமல் செய்யும் பொருளாக மாறக்கூடும், அதைச் சினைப்பசுவின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இரண்டாவது தடை, நான் அதிகம் கேட்ட தடை: ‘கோடையில அதுல எலயே கெடையாதே.’ உண்மை. தை, மாசியில் சீமைக்கொன்னை இலையைக் கொட்டிவிட்டுப் பூத்து நிற்கும். ஆனால் மழை ஓயும்முன், ஐப்பசி கடைசியிலோ கார்த்திகையிலோ கிளைகளை வெட்டிவிட்டால் புதுத்தளிர் வந்து, பூப்பது தள்ளிப்போய், வறண்ட மாதங்களில் பச்சை நிற்கும். வேலியைப் பாதிப்பாதியாக இரண்டு தவணையில் வெட்டினால் மாசிவரை தழைக்குப் பஞ்சம் இருக்காது. ஒரு மாதம் முன்கூட்டி அரிவாள் எடுக்கும் பழக்கம், இவ்வளவே வேண்டியது. அந்தத் தழையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால், ஈனுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அதைக் குறைத்து, அந்த இடத்தில் கலப்புத் தீவனத்தை வைப்பது நல்லது.

மரச்சீனி இலையையும் தோலையும் மாட்டுக்குப் போடும் வழக்கம் எல்லையின் இருபுறமும் உண்டு. இலையில் புரதம் நன்றாகவே இருக்கிறது. கூடவே சயனைடு நஞ்சும் இருக்கிறது. வெயிலில் முறையாகக் காயவைத்தபின் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வெட்டிய கையோடு பச்சையாகப் போடுவது உயிரோடு விளையாட்டு. ரப்பர் கொட்டைப் புண்ணாக்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எல்லையின் இருபுறமும் என்று சொன்னேன். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் ஒரே குடும்பத்தின் ஒரு தொழுவம் ஆவினுக்கும் மறு தொழுவம் மில்மாவுக்கும் பால் ஊற்றுகிறது. திட்டங்களின் பெயர் மாறுகிறது, சாக்கின் நிறம் மாறுகிறது. வற்றிய சினைப்பசுவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான் மறக்கிறோம்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நிறைசினைப் பசுவுக்குப் புரதம் கூட்டுவது வேண்டிய பழக்கம். அது கறவை நின்ற நாளிலிருந்தே தொடங்க வேண்டும். கால் கிலோவில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு வர வேண்டும். வயிறு நிறைய வைக்கோலோ தழையோ இருக்கும் பசுவுக்கே அது பயன்தரும். கொழுத்த பசுவுக்கு வேண்டாம். ஈனுவதற்குப் பதினைந்து நாள் முன்பு வாளியில் கரைத்து ஊற்றும் அவசரக் கவனிப்பைக் கைவிட வேண்டும்.

பால் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாளுக்கு ஒன்றரைக் கிலோ வீதம் அறுபது நாளுக்கு 90 கிலோ. ஐம்பது கிலோ சாக்கு இரண்டு. ஒரு சினைக்கு ஆகும் செலவு அவ்வளவுதான். எந்தப் பசு எப்போது ஈனும் என்பதும் தெரியாத விஷயம் அல்ல. செயற்கைக் கருவூட்டல் செய்த தேதி பதிவேட்டில் இருக்கிறது, பசுவின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை இருக்கிறது. அந்தத் தேதியோடு ஏழு மாதத்தைக் கூட்டி, அந்த வாரத்தில் இரண்டு சாக்கைப் பாதி விலையில் வீட்டுக்கு அனுப்புங்கள். லிட்டருக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கை, பால் இல்லாத இந்த இரண்டு மாதத்துக்கு மாற்றிவையுங்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான கிராமசபை கூடும்போது, மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை எழுந்து நின்று கேளுங்கள்.